ஞாயிற்றுக்கிழமை ஃபோன்கள்

2022 அக்டோபர் 15. டென்னஸி மாநிலம் நாக்ஸ்வில் நகரின் நேலண்ட் ஸ்டேடியம். ஆட்டத்தின் கடைசி நொடியில் டென்னஸி பல்கலைக்கழக அணியின் சேஸ் மெக்ராத் உதைத்த பந்து 40 கஜ தூரம் தள்ளாடித் தள்ளாடிப் போய், எப்படியோ கம்பங்களுக்கு நடுவே விழுந்தது. அலபாமாவை டென்னஸி 52-49 என்று ஜெயித்தது. 2006க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். பாதிப் பேர் மைதானத்தில் குதித்து, கோல்போஸ்ட்டைப் பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டு போய் டென்னஸி ஆற்றில் போட்டார்கள். டென்னஸி அணி சேர்ந்திருக்கும் எஸ்.இ.சி. கூட்டமைப்பு பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

டிவியில் பார்த்தவர்களெல்லாம் கோல்போஸ்ட் போன வழியைப் பார்த்தார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு வேறு கவலை. அன்று விருந்தாளிகளாக வந்திருந்த பள்ளிக்கூடப் பையன்களும் அவர்களுடைய அம்மாக்களும் அந்த நெரிசலில் எங்கே நிற்கிறார்கள்? அவர்களை யார் வெளியே கூட்டிக்கொண்டு போகிறார்கள்?

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தோடு மோதும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அணிகள் பள்ளிக்கூடங்களிலிருந்து பையன்களைப் பிடித்து வருகின்றன. பிடிப்பது கோச்சுகள். பிடிக்கப்பட வேண்டிய பையன் நம் வளாகத்துக்கு வரும் நாளில் வாசலில் நின்று வரவேற்பதிலிருந்து திரும்ப காரில் ஏற்றுவதுவரை எல்லாம் எங்கள் பிரிவு. தென் மாநிலம் ஒன்றில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பல சீசன்கள் அந்த வேலை பார்த்தேன். ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் முதுகலைக்காகப் போனவள், செலவுக்காக ஸ்டேடிய வாசலில் பெயர்ப் பட்டியல் சரிபார்க்கும் மாணவர் வேலையில் சேர்ந்து, அப்படியே உள்ளே இழுக்கப்பட்டேன். சேர்ந்தபோது எனக்கு கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆட்டம் தெரியாதது இந்த வேலைக்கு ஒரு குறையே இல்லை. ஆட்டம் நடக்கும்போது நான் பார்க்க வேண்டியது மைதானத்தை அல்ல, விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும் வரிசையை.

சொந்த மைதானத்தில் ஒரு பெரிய அணியைத் தோற்கடித்தால் மறுநாளே பத்திரிகைகள் ‘மொமெண்டம்’ என்று எழுத ஆரம்பித்துவிடும். ஏதோ வெள்ளம் வந்து பையன்களை நம் கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும் என்பதுபோல. அன்றைக்கு வந்த பையன்கள் யார் யார் என்பது ஆறு வாரத்துக்கு முன்பே எழுதிவைத்த பட்டியல். வரச் சம்மதித்தவன் ஏற்கெனவே பாதி மனசு வைத்தவன். ஜெயித்த பிறகு அவன் கையெழுத்துப் போட்டால் வெற்றியால் வந்தான் என்பார்கள். தோற்றிருந்தாலும் அவர்களில் பலர் வந்திருப்பார்கள் என்பதை யாரும் எழுத மாட்டார்கள். நாங்களும் மறுக்க மாட்டோம். கோச்சுக்கு அந்தக் கதை பிடிக்கும், எங்கள் பட்ஜெட்டுக்கும் நல்லது.

அந்தப் பட்டியலுக்குப் பெரிய எதிரி எதிரணி அல்ல, டிவி. ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதை ஒளிபரப்பும் சேனல்கள்தான் முடிவு செய்யும். பெரும்பாலும் 12 நாளுக்கு முன்னால் சொல்வார்கள். சில சமயம் 6 நாளுக்கு முன்னால்தான். பையன்கள் வெள்ளிக்கிழமை இரவு தங்கள் பள்ளிக்காக ஆடுகிறார்கள். ஆட்டம் முடிய பத்து மணி. அடிபட்ட உடம்பை ஐஸில் வைத்து, சாப்பிட்டு, படுக்கும்போது நள்ளிரவு தாண்டிவிடும். நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் பையனைச் சனிக்கிழமை பகல் பதினொரு மணி ஆட்டத்துக்கு வரச் சொன்னால், விடியற்காலையில் அவனை எழுப்ப வேண்டியது அவன் அம்மா. இரவு ஆட்டம் என்றால் எல்லாருக்கும் மூச்சு விட நேரம் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் ஸ்டேடியமும் இரண்டு மடங்கு அழகாகத் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே, பலவீனமான அணியோடு நடக்கும் இரவு ஆட்டத்தைப் பலமான அணியோடு நடக்கும் பகல் ஆட்டத்தைவிட விரும்பும் கோச்சுகளை எனக்குத் தெரியும்.

வருகையிலும் இரண்டு வகை. ‘அஃபிஷியல் விசிட்’ என்றால் பயணம், தங்கல், சாப்பாடு எல்லாம் பல்கலைக்கழகத்தின் செலவு. ‘அன்அஃபிஷியல்’ என்றால் குடும்பமே தன் செலவில் வர வேண்டும். நாங்கள் கொடுக்கக்கூடியது சில இலவச டிக்கெட்டுகள், ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்புத்தகம் ஒரு தட்டு உணவைக்கூட விடாமல் கணக்குப் பார்க்கும். 2017இல் விதியை மாற்றி, பதினொன்றாம் வகுப்பு முடியும் வசந்தத்திலேயே அஃபிஷியல் விசிட் வரலாம் என்றார்கள். அதன்பின் எல்லாரும் ஜூன் மாதத்துக்கு ஓடினார்கள். அக்டோபரில் பெரிய ஆட்டம் வரும்போது பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களில் பெரும்பாலோர் எங்கோ வாய்வாக்குக் கொடுத்து முடித்திருப்பார்கள். வாய்வாக்கு என்பது வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்ட மாதிரி. டிசம்பர் முதல் புதன்கிழமை கையெழுத்துப் போடும்வரை பேச்சு மாறலாம். மாறுவதை ‘ஃபிளிப்’ என்கிறார்கள். வேறொரு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்த பையன் எந்தச் சின்னமும் இல்லாத சாதாரண டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு நம் ஸ்டேடியத்துக்கு வந்து உட்கார்ந்தால், அவனை யாரும் படம் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான்.

நாக்ஸ்வில் மாதிரி எங்களுக்கும் ஒரு இரவு வந்தது. நாட்டின் முதல் வரிசை அணி ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. ஜெயிப்போம் என்று நாங்களே நம்பவில்லை. கடைசி நிமிடத்தில் எங்கள் தடுப்பு ஆட்டக்காரர் பந்தைப் பறித்ததும் முதல் வரிசைக் கம்பியைத் தாண்டி மாணவர்கள் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விருந்தாளிகளின் இருக்கைகள் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால், தரைக்கு வெகு அருகில். டிவியில் அழகாகத் தெரியட்டும் என்று அங்கே போட்டிருந்தார்கள். இப்போது அதுவே கூட்டம் இறங்கும் பாதையாகிவிட்டது. பையன்களுக்கு ஒரே குஷி. மூன்று பேர் எங்களிடம் கேட்காமலேயே கம்பியைத் தாண்டி மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அம்மாக்கள் முகத்தில் அந்தக் குஷி இல்லை.

மாணவத் தொண்டர்களைக் கைகோர்த்து இரண்டு வரிசையாக நிற்கவைத்து, நடுவே குடும்பங்களை நடத்திக்கொண்டு சுரங்க வழிக்குப் போனோம். ஒரு பாட்டி முழங்கால் வலியோடு கடைசியாக வந்தார். பேரனை வளர்த்தது அவர்தான். பேரன் மைதானத்தில் யாரோடோ செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். கோல்ஃப் வண்டிக்கு ரேடியோவில் சொல்லிவிட்டு அவரோடு நின்றேன். பக்கத்தில் வெடிச் சத்தம், பேண்ட் வாத்தியம், அழுகிற ஆண்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு காதருகில் கேட்டார்: “ஜெயிச்சீங்க, சந்தோஷம் கண்ணு. அவன் கணக்குப் பாடத்துல கோட்டை விட்டா இங்க யாரு கேப்பாங்க?”

அந்தக் கேள்விக்கு வேறு எந்த இரவாக இருந்தாலும் நான் ஒரு கையேட்டை நீட்டியிருப்பேன். அந்த நெரிசலில் கையேடு எதுவும் கையில் இல்லாததால், எங்கள் கல்வி ஆலோசகர் ஞாயிற்றுக்கிழமை அவரை ஃபோனில் கூப்பிடுவார் என்று சொன்னேன். பாட்டியின் எண்ணை என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

ஜெயித்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு மெய்யான ஆட்டம். அலுவலகத்தின் ஒரு சுவர் முழுக்கக் காந்தப் பலகை. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பட்டை: பெயர், ஊர், ஆடும் இடம், உயரம், எடை. பக்கத்தில் ஒரு வண்ணப் புள்ளி. பச்சை என்றால் நம்மிடம் வாக்குக் கொடுத்தவன். மஞ்சள் என்றால் சாய்ந்திருப்பவன். சிவப்பு என்றால் வேறு இடத்தில் இருப்பவன், ஆனால் ஃபோன் எடுக்கிறவன். காலை ஏழு மணிக்கே கிராஃபிக்ஸ் பையன்கள் முந்தின இரவின் கூட்ட இரைச்சலை வெட்டி ஒட்டி வீடியோ செய்து முடித்திருப்பார்கள். அதை எல்லாருக்கும் அனுப்புவது சுலபம். யாரை யார் எந்த வரிசையில் கூப்பிடுவது என்பதில்தான் சண்டை வரும்.

கோச்சுகளுக்குச் சிவப்புப் புள்ளிகள்மேல்தான் கண். ஐந்து நட்சத்திரப் பையன் இன்றைக்கு விழுந்துவிடுவான் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை. நட்சத்திரங்களைப் போடுவது 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ் மாதிரியான தளங்கள். கோச்சுகள் அவற்றை நம்புவதில்லை என்று மேடையில் சொல்லிவிட்டு அறைக்குள் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். நான் பச்சைப் புள்ளிகளை முதலில் கூப்பிடச் சொல்வேன். நாம் ஜெயித்த இரவில் நம் பையனுக்கு மற்றவர்கள் ஃபோன் போடுவார்கள். “உங்க டீம் இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, உன் பொசிஷனுக்கு இன்னும் பெரிய ஆள் வருவான், உனக்கு இடம் இருக்குமா பாத்துக்கோ” என்று ஊதிவிடுவார்கள். நாங்களும் தோற்ற அணிகளின் பையன்களுக்கு அதையே திருப்பிச் செய்தோம். இதில் யாரும் உத்தமர் இல்லை.

பச்சைப் புள்ளிகளைக் கூப்பிட இன்னொரு காரணமும் உண்டு. எந்தக் கோச்சைவிடவும் நன்றாக ஆள் பிடிப்பவன், ஏற்கெனவே வாக்குக் கொடுத்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவன். பையன்களுக்குள் தனிக் குழு அரட்டை இருக்கும். அதற்குள் நமக்கு இடமில்லை. நேற்று மைதானத்தில் நின்ற மயிர்க்கூச்சை அவன் அங்கே நாலு வரியில் எழுதினால், நாங்கள் செய்யும் வீடியோவுக்கெல்லாம் அது சமம். விதியும் அவன் பக்கம்தான். கையெழுத்துப் போடாத பையனின் பெயரைக் கோச் வெளியில் சொல்லவே கூடாது. யாராவது வாக்குக் கொடுத்த இரவில் கோச்சுகள் பெயர் சொல்லாமல் ஒரு வெடிப் படத்தையோ ஒரு கோஷத்தையோ மட்டும் போட்டுவிட்டு நகர்வதன் காரணம் அதுதான். பையனுக்கு அந்தக் கட்டு எதுவும் கிடையாது.

தொழிலில் நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைக் கோச்சுகளிடம் விற்க முடிந்ததே இல்லை. பெரிய வெற்றி பன்னிரண்டாம் வகுப்புப் பையனிடம் அதிகம் வேலை செய்யாது. அவனைச் சுற்றி ஏற்கெனவே ஆள்கள் இருக்கிறார்கள், கணக்குகள் இருக்கின்றன. பத்தாம், பதினொன்றாம் வகுப்புக்காரனிடம்தான் அது ஒட்டும். பதினைந்து வயதில் ஒரு லட்சம் தொண்டைகளின் சத்தத்தைக் கேட்டவன் அதை மறக்க மாட்டான். ஆனால் பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1ஆம் தேதி வரை அவனுக்கு நாம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பக்கூடக் கூடாது. அவன் பள்ளிக் கோச் வழியாகத்தான் போக வேண்டும். பலன் வர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். கோச்சின் வேலை அதுவரை நிலைக்குமா என்பது அவருக்கே தெரியாது. அவர் இந்த டிசம்பரைப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2024 அக்டோபர் 5ஆம் தேதி நாஷ்வில்லில், நாட்டின் முதல் இடத்திலிருந்த அலபாமாவை 40-35 என்று தோற்கடித்தார்கள். முதலிட அணி ஒன்றை அவர்கள் ஜெயித்ததே அதுதான் முதல் தடவை. 1984க்குப் பிறகு அலபாமாவையே ஜெயித்ததில்லை. கோல்போஸ்ட் ப்ராட்வே தெருவின் மதுக்கடைகளைத் தாண்டி ஊர்வலமாகப் போய் கம்பர்லாண்ட் ஆற்றில் விழுந்தது. அந்த வெற்றியை முன்னின்று ஆடிக் கொடுத்த டியேகோ பாவியா பள்ளியிலிருந்து பிடித்துவந்த நட்சத்திரம் அல்ல. ஆட்டக்காரர்கள் கல்லூரி மாற உதவும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக நியூ மெக்ஸிகோ ஸ்டேட்டிலிருந்து வந்தவர். மறுநாளே பெரிய பையன்கள் வரிசையில் வந்து நிற்கவில்லை. 2025 சீசனில் அதே அணி 10 ஆட்டங்களை ஜெயித்தது. அந்த டிசம்பரில்தான், நாஷ்வில்லிலேயே படித்த ஐந்து நட்சத்திர குவார்ட்டர்பேக் ஒருவர் ஜார்ஜியாவுக்குக் கொடுத்திருந்த வாக்கை மாற்றி, கையெழுத்து நாளுக்கு முன்பு வாண்டர்பில்ட் பக்கம் வந்தார். கோல்போஸ்ட் ஆற்றில் விழுந்தபோது அவர் பதினொன்றாம் வகுப்பு. அந்த ஒரு ஆட்டம் அவரைக் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். அடுத்த சீசனில் அவர்கள் அத்தனை ஆட்டங்களை ஜெயித்ததுதான் வேலை செய்தது.

டென்னஸி கதையின் மறுபக்கமும் அப்படித்தான். அலபாமாவை ஜெயித்த ஐந்தே வாரத்தில், நவம்பர் 19ஆம் தேதி கொலம்பியாவில் தென் கரோலினா அவர்களை 63-38 என்று புரட்டிப்போட்டது. அன்று இரவு ஸ்டேடியமும் கூட்டமும் தென் கரோலினாவுடையது. ஞாயிற்றுக்கிழமை ஃபோன்களும் அவர்களுடையவை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை எழுதினால் பொய்யாகிவிடும். 2021 ஜூலையில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். முதல் வருடத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. ஓர் அணிக்கு 85 ஸ்காலர்ஷிப் என்ற பழைய கணக்கு போய், இந்த ஏற்பாட்டில் சேர்ந்த இடங்களில் அணிக்கு மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்தது. இப்போது பெரிய வெற்றியின் முதல் பலன் பையனின் மனசில் தெரிவதில்லை, நன்கொடையாளரின் செக் புத்தகத்தில் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாக்களோடு பேசும்போது அவர்கள் குரலில் இருந்த தயக்கம் குறைந்திருக்கும், உண்மைதான். இரண்டாவது வாக்கியத்திலேயே எண் வந்துவிடும். முன்பெல்லாம் எண் வருவதற்கு மூன்று விசிட் ஆகும். நேராகக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது என்றே சொல்வேன். பிழைக்க வழி தேடுகிற குடும்பம், கோடிகளில் சம்பளம் வாங்கும் கோச்சிடம் கூச்சப்பட வேண்டிய அவசியம் என்ன?

வெற்றிக்கு யாரும் சொல்லாத ஒரு செலவும் இருக்கிறது. எங்கள் கோச்சின் பெயர் அந்த வாரமே வேறு வேலைகளுக்கு அடிபட ஆரம்பித்தது. அதற்கு முன்பு அம்மாக்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் விடுதி, சாப்பாடு, சர்ச் பற்றியவை. அந்த வாரத்திலிருந்து ஒரே கேள்வி: “கோச் இருப்பாரா?” எனக்கும் தெரியாது. “அவர் இங்கே சந்தோஷமாக இருக்கிறார்” என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள், சொன்னேன். மிச்சிகன், டெக்சஸ் மாதிரி பெரிய பல்கலைக்கழகம் கூப்பிட்டால் போகாத கோச்சை நான் பார்த்ததில்லை.

அந்தப் பாட்டிக்கு எங்கள் கல்வி ஆலோசகர் சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபோன் செய்தார். முக்கால் மணி நேரம் பேசினார்களாம். எந்த நாளில் டியூஷன், பையன் வகுப்புக்குப் போகாவிட்டால் யாருக்குத் தகவல் போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். தடுப்பு கோச்சுக்கு என்மேல் கோபம். தன் ஃபோனுக்கு முன்னால் ஒரு ஆலோசகரின் ஃபோன் போய்விட்டது என்று. தலைமை கோச் இரண்டு பக்கமும் பேசவில்லை; பலகையில் அந்தப் பையனின் பட்டையை எடுத்து ஒரு படி மேலே வைத்துவிட்டுப் போனார். டிசம்பரில் அவன் தன் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்னக் கல்லூரிக்குப் போனான். ஒரு வருடம் கழித்து அவன் சித்தி மகன் எங்களிடம் வந்தான். அந்தப் பாட்டி சொல்லித்தான் வந்ததாகச் சொன்னான். அந்தக் கையெழுத்தை எந்தப் பத்திரிகையும் எந்த வெற்றியின் கணக்கிலும் சேர்க்கவில்லை.

அந்தப் பெரிய வெற்றிக்குப் பிறகு வந்த திங்கட்கிழமைக்கு வருகிறேன். எல்லாருக்கும் தொண்டை கட்டியிருந்தது. பலகையில் ஒரு மஞ்சள் புள்ளி பச்சையாக மாறியிருந்தது, ஒரு பச்சை மஞ்சளாகியிருந்தது. அடுத்த ஹோம் ஆட்டத்துக்கு இன்னும் பெரிய பட்டியல் போடலாம், இந்த முறை நாம் கூப்பிட்டால் யாரும் வராமல் இருக்க மாட்டார்கள் என்று கோச்சுகள் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது டிவிக்காரர்களின் அறிவிப்பு வந்தது. அந்த ஆட்டம் பகல் பதினொரு மணிக்கு. நான் வரைபடத்தை விரித்து, வெள்ளிக்கிழமை இரவு எந்தப் பையன் எந்த ஊரில் ஆடுகிறான், அங்கிருந்து எத்தனை மணி நேரம் என்று குறிக்க ஆரம்பித்தேன்.